தண்ணீரில் ஃபுளோரைடு, காற்றில் கரிமவாயு: காலநிலைச் சண்டையில் எது அறிவியல், எது அரசியல்?

2024-ஆம் ஆண்டைக் கிருஷ்ணகிரி, தருமபுரி மக்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். கோடையில் தருமபுரியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டியது. கிருஷ்ணகிரி மாந்தோப்புகளில் பூவும் பிஞ்சும் கருகி உதிர்ந்தன. அதே ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், ஃபெஞ்சல் புயலின் மிச்சம் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. அரூரில் 33 சென்டிமீட்டர். ஆண்டு முழுக்கச் சேர்த்தாலும் 85 சென்டிமீட்டரை ஒட்டியே மழை பெறும் பகுதி இது. ஏரித் தண்ணீர் சாலைக்கு வந்து, நிறுத்தியிருந்த வண்டிகளை இழுத்துக்கொண்டு போனதைச் செல்பேசியில் எல்லோரும் பார்த்தோம்.

ஒன்பது மாதம் கழித்து, 2025 செப்டம்பரில், ஐ.நா. பொதுச்சபையில் பேசிய அமெரிக்க அதிபர் டிரம்ப், காலநிலை மாற்றம் என்பது உலகத்தின் மீது நடத்தப்பட்ட மிகப் பெரிய மோசடி என்றார். அந்த ஜனவரியில் பதவியேற்ற அன்றே, வெப்ப ஏற்றத்தைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் செய்துகொண்ட பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்கா வெளியேறும் ஆணையில் அவர் கையெழுத்திட்டிருந்தார்.

இடையில் நிற்கும் வாசகருக்குக் குழப்பம் வராமல் எப்படி இருக்கும்? உலகின் மிகப் பெரிய பொருளாதாரத்தின் தலைவர் மோசடி என்கிறார். தமிழ்நாடு அரசோ 2022-இல் காலநிலை மாற்ற இயக்கம் ஒன்றைத் தொடங்கி, மாவட்ட அளவில் ஆட்சியர்களிடமே பொறுப்பைக் கொடுத்திருக்கிறது. டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர், "தாது வருஷத்துல வராத பஞ்சமா?" என்கிறார்.

இவர்கள் எல்லோரும் ஒரே விஷயத்தைப் பேசுவதுபோலத் தெரிகிறது. உண்மையில் இங்கே நடப்பவை இரண்டு சண்டைகள். வெப்பம் ஏறுகிறதா, யாரால் ஏறுகிறது என்பது முதல் சண்டை. அதன் அடிப்படை முடிவாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. யார் செலவு செய்வது, யார் எதை விட்டுக்கொடுப்பது என்பது இரண்டாவது. அது முடியவில்லை, இப்போதைக்கு முடியவும் போவதில்லை. இரண்டாவதில் விட்டுக்கொடுக்க மனம் இல்லாதவர்கள் முதல் சண்டையைத் திரும்பத் திரும்பக் கிளறுவதால்தான் இவ்வளவு குழப்பம்.

ஒகேனக்கலில் பார்த்த அதே பிரிவினை

இப்படிப் பிரித்துப் பார்ப்பது நம் இரு மாவட்டங்களுக்கும் பழக்கமானது. கருங்கல் பாறைக்குள் இறங்கும் நம் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைத் தாண்டிய தண்ணீரைச் சிறு வயதிலிருந்து குடித்தவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கறை ஏறியது. அளவு மேலும் கூடிய ஊர்களில் எலும்பும் மூட்டும் பாதிக்கப்பட்டன.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். ஜப்பான் நாட்டுக் கடன், 1,900 கோடி ரூபாயைத் தாண்டிய மதிப்பீடு. உடனே கர்நாடகத்தில் போராட்டம் வெடித்தது, வேலை கொஞ்ச காலம் தள்ளிவைக்கப்பட்டது, கடைசியில் 2013-இல் திறந்தார்கள். அந்த ஐந்து ஆண்டுகளில் யார் பங்குத் தண்ணீர், எது யார் எல்லை, கடனை யார் கட்டுவது, எந்த ஆட்சிக்குப் பெயர் என்று எத்தனையோ வாதம் நடந்தது. ஃபுளோரைடு பல்லைக் கெடுக்குமா கெடுக்காதா என்பது அந்த வாதத்தின் மையத்தில் இல்லை. அது ஆய்வகத்தில் தண்ணீரை அளந்து முடிவான விஷயம். திட்டத்தை எதிர்க்க நினைத்தவர் அளவீட்டைப் பொய் என்று சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை.

காலநிலை விஷயத்தில் இந்த ஒழுங்குதான் கெட்டுப்போயிருக்கிறது.

அடிப்படை: வெப்பம் எப்படிப் பிடிபடுகிறது

முதலில் இரண்டு சொற்கள். இன்று மழை வருமா என்பது வானிலை. ஓர் இடத்தின் வானிலையை 30 ஆண்டுகளுக்குச் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் சராசரியும் ஏற்ற இறக்கமும் காலநிலை. ஒரு வருடம் குளிர் அதிகம் என்பதால் காலநிலை மாறவில்லை என்று சொல்ல முடியாது. ஒரு வருடம் வெயில் அதிகம் என்பதால் மாறிவிட்டது என்றும் சொல்ல முடியாது.

சரி, இயக்கம் என்ன? சூரியனிலிருந்து வெளிச்சமாக வருவதைத் தரை வாங்கிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிராக வானத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. காற்றில் 99 சதவீதம் இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் அந்தக் கதிரைத் தடுப்பதில்லை. நீராவி, கரிமவாயு எனப்படும் கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன் ஆகியவை தடுத்து, ஒரு பகுதியைக் கீழேயே திருப்புகின்றன. இவற்றுக்குத்தான் பசுங்குடில் வாயுக்கள் என்று பெயர். இதன் சிறிய வடிவத்தைத் தளியிலும் ஓசூரிலும் மார்கழி மாதத்தில் உடம்பாலேயே உணரலாம். வானம் தெளிவாக இருக்கும் இரவில் பனி கொட்டும். மேகம் மூடிய இரவில் அவ்வளவு குளிராது. தரையின் சூட்டை மேகமும் நீராவியும் வெளியே விடாமல் வைத்திருக்கின்றன.

இந்தப் போர்வை அடியோடு இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பம் மைனஸ் 18 டிகிரியாக இருக்கும். இருப்பதால் 15 டிகிரியை ஒட்டி இருக்கிறது. ஆகவே போர்வை கெட்டதில்லை. அது தடித்துக்கொண்டே போவதுதான் சிக்கல்.

இது நேற்று யாரோ அரசியலுக்காகக் கண்டுபிடித்த கதையும் இல்லை. 1856-இல் யூனிஸ் ஃபுட் என்ற அமெரிக்கப் பெண்மணி, கண்ணாடிக் குழாயில் கரிமவாயுவை அடைத்து வெயிலில் வைத்து, அது சாதாரணக் காற்றைவிட அதிகம் சூடாவதைக் காட்டினார். 1859-இல் ஜான் டிண்டல் அதைத் துல்லியமாக அளந்தார். 1896-இல் ஸ்வீடன் நாட்டு அறிஞர் அரீனியஸ், காற்றில் கரிமவாயு இரட்டிப்பானால் பூமி எவ்வளவு சூடாகும் என்று காகிதத்திலேயே கணக்குப் போட்டார். அப்போது ஐ.நா.வும் இல்லை, சூரியத் தகடு விற்பவரும் இல்லை.

1958 முதல் ஹவாய் தீவின் மௌனா லோவா மலையில் கரிமவாயுவைத் தொடர்ந்து அளந்து வருகிறார்கள். தொடங்கியபோது பத்து லட்சம் பங்கு காற்றில் 315 பங்கு. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. தொழிற்புரட்சிக்கு முன்பு 280 பங்கு இருந்ததாகப் பனிப்பாளங்களுக்குள் சிறைப்பட்ட பழைய காற்றுக் குமிழிகள் காட்டுகின்றன.

சந்தேகங்களும் பதில்களும்

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளை எடுத்துக்கொள்வோம். இவற்றில் சில நல்ல கேள்விகள். விஞ்ஞானிகளே ஒரு காலத்தில் கேட்டவை.

1. "காற்றில் கரிமவாயு 0.04 சதவீதம்தான். அது என்ன செய்துவிடும்?"

நம் மாவட்டத்துக்காரர்கள் இந்தக் கேள்விக்குத் தங்கள் பல்லையே பதிலாகக் காட்டலாம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் ஃபுளோரைடு என்பது பத்து லட்சத்தில் ஒன்றரைப் பங்கு. கரிமவாயுவோ பத்து லட்சத்தில் 420 பங்கு. ஒரு பொருள் எவ்வளவு வேலை செய்யும் என்பது அதன் தன்மையைப் பொறுத்தது. மீதி 99 சதவீதக் காற்று வெப்பக் கதிரைத் தடுப்பதே இல்லை என்னும்போது, தடுக்கும் அந்தச் சிறு பங்கில் ஏற்படும் மாற்றம்தான் கணக்கில் வரும்.

2. "காலநிலை எப்போதுமே மாறித்தானே வந்திருக்கிறது? தாது வருஷப் பஞ்சம்?"

1876 முதல் 1878 வரை நீண்ட அந்தப் பஞ்சம் அன்றைய சேலம் மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியது. இன்றைய தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அப்போது சேலத்துக்குள்தான் இருந்தன. பசிபிக் கடல் நீர் வழக்கத்துக்கு மேல் சூடாகும் எல் நினோ என்ற நிகழ்வு அந்த ஆண்டுகளில் மிக வலுவாக இருந்தது. அதோடு ஆங்கிலேய அரசு தானிய ஏற்றுமதியை நிறுத்தாததும் சாவுகளைப் பெருக்கியது. ஆகவே பெரியவர் சொல்வது சரி: மனிதர் காரணம் இல்லாமலும் வறட்சி வரும்.

ஆனால் இயற்கையாகவும் தீப்பிடிக்கும் என்பதால், யாரும் தீ வைக்கவே இல்லை என்று ஆகிவிடாது. இந்த முறை யார் கை என்பதை அடையாளம் பார்த்துத்தான் சொல்ல முடியும். அந்த அடையாளங்கள் மூன்று.

முதலாவது கார்பன்-14. உயிருள்ள எல்லாவற்றிலும் சிறிதளவு இருக்கும் இந்தக் கதிரியக்கக் கார்பன், உயிர் போனபின் 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகும். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் பொது ஆண்டுக்கு முன் 2172 என்று 2022-இல் அறிவித்தார்களே, அந்தக் காலக் கணிப்பு இந்தக் கார்பனை வைத்துத்தான். பூமிக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்த நிலக்கரியிலும் பெட்ரோலியத்திலும் கார்பன்-14 முழுக்கத் தீர்ந்துபோயிருக்கும். அவற்றை எரித்து வரும் புகை காற்றில் கலந்தால், காற்றிலுள்ள கார்பன்-14-இன் விகிதம் நீர்த்துப்போக வேண்டும். அப்படி நீர்த்திருப்பதை 1955-இல் ஹான்ஸ் சூஸ் என்ற வேதியியலாளர் கண்டறிந்தார். மயிலாடும்பாறையின் பழமையில் பெருமைப்படும் நாம், அதே கணக்கு காற்றைப் பற்றிச் சொல்வதையும் ஏற்கத்தான் வேண்டும்.

இரண்டாவது, சூரியன். செயற்கைக்கோள்கள் 1978 முதல் சூரிய ஆற்றலை அளக்கின்றன. பூமி வேகமாகச் சூடான இந்தக் காலத்தில் சூரியனின் ஆற்றல் ஏறவில்லை.

மூன்றாவதுதான் எனக்கு மிக வலுவாகத் தோன்றுவது. சூரியன் காரணம் என்றால் வளிமண்டலம் அடியிலிருந்து உச்சி வரை சூடாக வேண்டும். போர்வை காரணம் என்றால் போர்வைக்குக் கீழே சூடாகி, மேலே குளிர வேண்டும். இதை 1967-லேயே சியுகுரோ மனாபே கணினிக் கணக்கில் முன்கூட்டிச் சொன்னார். பின்னர் அளந்தபோது கீழ் வளிமண்டலம் சூடாகியும் மேலே அடுக்கு மண்டலம் குளிர்ந்தும் இருந்தது. மனாபேவுக்கு 2021-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

3. "ஊருக்குள் கான்கிரீட் பெருகியதால்தான் சூடு. வெப்பமானியைச் சுற்றிக் கட்டடம்."

ஓசூர் விஷயத்தில் இதில் நிறைய உண்மை உண்டு. கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டரை ஒட்டிய உயரத்தில் இருக்கும் ஊர், முன்புபோல் குளிர்வதில்லை என்று பழைய ஆட்கள் சொல்வதில் ஏரி சுருங்கியதும், மரம் போனதும், தார்ச்சாலை அகலமானதும் கலந்திருக்கின்றன. ஆனால் உலக சராசரிக்கு இந்த விளக்கம் போதாது. பூமிப் பரப்பில் 71 சதவீதம் கடல். கடலில் கான்கிரீட் கிடையாது, அங்கேயும் வெப்பம் ஏறுகிறது. ரிச்சர்ட் முல்லர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இதே சந்தேகத்தோடு ஒரு குழுவைக் கூட்டி, பழைய வெப்பப் பதிவுகளை முதலிலிருந்து ஆராய்ந்தார். நகரங்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் ஏற்றம் அப்படியே இருந்தது. 2012-இல் தன் சந்தேகம் தீர்ந்துவிட்டதாகவும், மனிதரே காரணம் என்றும் வெளிப்படையாக எழுதினார். சந்தேகப்படுபவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இவரைத்தான் நான் காட்டுவேன். கேட்டார், அளந்தார், ஒப்புக்கொண்டார்.

4. "நம் ஊரில் அவ்வளவு ஏறின மாதிரி தெரியவில்லையே?"

நியாயமான கவனிப்பு. உலக சராசரி 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியோடு ஒப்பிட 1.1 டிகிரி ஏறியிருப்பதாக ஐபிசிசி 2021-இல் கணக்கிட்டது. ஐபிசிசி என்பது ஐ.நா.வின் இரு அமைப்புகள் 1988-இல் அமைத்த, உலக நாடுகளின் அரசுகள் அங்கம் வகிக்கும், காலநிலை ஆய்வுகளை மதிப்பிடும் குழு. ஆனால் 1901-க்கும் 2018-க்கும் இடையில் இந்தியாவின் ஏற்றம் 0.7 டிகிரியை ஒட்டியே இருந்தது. இது 2020-இல் மத்தியப் புவி அறிவியல் அமைச்சகம் வெளியிட்ட மதிப்பீடு. நம் வானத்தில் மிதக்கும் புகையும் தூசும் வெயிலின் ஒரு பகுதியைத் தடுப்பதும், பரந்த பாசனப் பரப்பிலிருந்து நீர் ஆவியாவதும் முக்கியக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. மாசு நமக்கு நிழல் கொடுத்திருக்கிறது. நுரையீரலைக் கெடுக்கும் அந்தப் புகையை ஒழிக்க ஒழிக்க, அது மறைத்து வைத்த வெப்பமும் வெளியே வரும். இதை நினைத்தால் கவலையாகவே இருக்கிறது.

5. "1970-களில் பனியுகம் வரும் என்று சொன்னவர்கள்தானே?"

பத்திரிகைகள் அப்படி எழுதியது உண்மை. ஆனால் 1965-இலிருந்து 1979 வரை வெளியான ஆய்வுக் கட்டுரைகளைப் பின்னாளில் எண்ணிப் பார்த்தபோது, குளிரும் என்றவை 7, சூடாகும் என்றவை 44.

6. "கரிமவாயு பயிருக்கு உணவு. கூடினால் விளைச்சல் கூடுமே?"

பாதி உண்மை. எந்தப் பயிர் என்று கேட்க வேண்டும். நெல், நிலக்கடலை, தக்காளி போன்றவை கரிமவாயு கூடினால் ஓரளவு வேகமாக வளரும். ராகி, சாமை, சோளம், கரும்பு வேறு வகை. கரிமவாயுவைத் தங்களுக்குள்ளேயே செறிவாக்கிக்கொள்ளும் அமைப்பு அவற்றுக்கு ஏற்கெனவே இருப்பதால், வெளியே கூடுவதால் பெரிய லாபம் இல்லை. பென்னாகரம், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மானாவாரிக் கொல்லைகளில் இவைதானே பயிர். தக்காளிக்கு இலை செழித்தாலும், பகல் வெப்பம் 35 டிகிரிக்கு மேல் போனால் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். பாலக்கோடு, இராயக்கோட்டை விவசாயிகளுக்கு இது கண்கூடு.

விஞ்ஞானிகள் தவறியதே இல்லையா?

தவறியிருக்கிறார்கள். இதை மறைக்கக் கூடாது.

2007-இல் வந்த ஐபிசிசி அறிக்கையில், இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் மறைந்துவிடக்கூடும் என்று ஒரு வரி இருந்தது. சரியான ஆய்வு ஆதாரம் இல்லாமல் உள்ளே நுழைந்த வரி அது. அன்றைய இந்தியச் சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதைக் கடுமையாகக் கேள்வி கேட்டார். 2010-இல் ஐபிசிசி தவறை ஒப்புக்கொண்டது. 2009 நவம்பரில் இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களின் மின்னஞ்சல்கள் திருடப்பட்டு வெளியாயின. பல விசாரணைகள் நடந்தன. தரவுகளைக் கேட்டவர்களுக்கு மனம் திறந்து கொடுக்கவில்லை என்று அவை கண்டித்தன. தரவைத் திரித்த மோசடி எதையும் அவை காணவில்லை.

எதிர்ப்பக்கத்துக்கும் இதே அனுபவம் உண்டு. 1990-களில் ஜான் கிறிஸ்டி, ராய் ஸ்பென்சர் என்ற இரு அறிஞர்களின் செயற்கைக்கோள் பதிவு, வளிமண்டலம் சூடாகவே இல்லை என்று காட்டியது. சந்தேகவாதிகளின் பெரிய ஆயுதம் அதுதான். பிறகு செயற்கைக்கோள்கள் மெல்ல உயரம் இழந்ததும், அளக்கும் நேரம் நகர்ந்துபோனதும் கணக்கில் சேராதது கண்டுபிடிக்கப்பட்டது. திருத்தியபின் அவர்களுடைய பதிவே வெப்ப ஏற்றத்தைக் காட்டுகிறது.

நேர்மையான சந்தேகத்துக்கு இன்றும் இடம் இருக்கிறது. கரிமவாயு இரட்டிப்பானால் பூமி எவ்வளவு சூடாகும்? ஐபிசிசியின் கணிப்பு 2.5 முதல் 4 டிகிரி வரை. இது சிறிய இடைவெளி இல்லை. மேகங்கள் எப்படி நடந்துகொள்ளும் என்பது முழுதாகப் பிடிபடாததே முக்கியக் காரணம். அடுத்த முப்பது ஆண்டில் பாப்பிரெட்டிப்பட்டியில் மழை கூடுமா குறையுமா என்று கேட்டால் பொறுப்பான விஞ்ஞானி உறுதியாகச் சொல்ல மாட்டார். சொல்பவரை நம்ப வேண்டாம்.

இன்னொரு வகைச் சந்தேகம் விலைக்கு வாங்கப்பட்டது. எக்ஸான் என்ற அமெரிக்க எண்ணெய் நிறுவனத்தின் சொந்த விஞ்ஞானிகள் 1970-களின் இறுதியிலிருந்தே பத்தாண்டுக்கு 0.2 டிகிரி வீதம் வெப்பம் ஏறும் என்று உள்ளுக்குள் கணித்திருந்தார்கள். அந்தக் கணிப்புகள் பெரும்பாலும் பலித்ததை 2023-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதே நிறுவனம் வெளியே, அறிவியல் இன்னும் தெளிவாகவில்லை என்று பல ஆண்டுகள் விளம்பரம் செய்தது.

ஊத்தங்கரை மழையில் எவ்வளவு காலநிலை?

காற்று ஒரு டிகிரி சூடானால் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். இது பாடப்புத்தக இயற்பியல். ஒரு டிகிரி ஏற்றம் என்று வைத்துக்கொண்டால், ஊத்தங்கரையின் 50 சென்டிமீட்டரில் ஏறக்குறைய 3.3 சென்டிமீட்டர் இந்தக் கூடுதலால் வந்தது என்று தோராயமாகச் சொல்லலாம். புயலின் வலுவிலும் வேகத்திலும் மாற்றம் இருந்தால் இந்தப் பங்கு கூடவும் செய்யும். அதற்குத் தனி ஆய்வு வேண்டும்.

3.3 சென்டிமீட்டர்தானா என்று தோன்றலாம். ஒரு சதுர கிலோமீட்டரில் அது 3.3 கோடி லிட்டர். ஏற்கெனவே நிரம்பித் தளும்பும் ஏரிக்குக் கரை தாங்குவதும் உடைவதும் இந்தக் கடைசிப் பங்கில்தான்.

ஆனாலும் மீதி 46 சென்டிமீட்டருக்கு மேல் பழைய காலநிலையிலும் பெய்திருக்கக் கூடியதே. புதுச்சேரி அருகே கரை கடந்த புயல் வேகமாக நகராமல் நின்று நின்று பெய்தது அதற்குக் காரணம். பெய்த தண்ணீர் எங்கே போனது என்பது முற்றிலும் தரையில் உள்ள விஷயம்: வரத்துக் கால்வாய் தூர்ந்திருந்ததா, உபரி நீர்ப் போக்கி அடைபட்டிருந்ததா, ஏரியின் நீர்ப்பிடிப்பில் வீடுகள் வந்துவிட்டனவா? வெள்ளம் வடிந்ததும் எல்லாப் பழியையும் காலநிலை மாற்றத்தின் மேல் போடும் பழக்கம் இப்போது பரவுகிறது. காலநிலை மாற்றத்தை மறுப்பது எவ்வளவு தவறோ, அதன் பின்னால் ஒளிந்துகொள்வதும் அவ்வளவு தவறு.

மாங்காய்க்கும் இது பொருந்தும். 2024-இல் விளைச்சல் விழுந்ததில் வெயிலுக்கும் வறட்சிக்கும் பெரும் பங்கு. 2025-இல் கதை வேறு. காய் இருந்தது, பெங்களூரா ரக மாங்காய் விலை படுத்துவிட்டது. மாங்கூழ் ஆலைகளின் கொள்முதல் குறைந்தது, பக்கத்துச் சித்தூர் மாவட்டம் வெளி மாநிலப் பெங்களூராவை உள்ளே விட மறுத்தது. அது சந்தையின் சிக்கல். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

உண்மையான சண்டை: யார் கொடுப்பது?

இரண்டாவது சண்டைக்கு வருவோம். இங்கே ஒருவர் மற்றவரை மறுப்பாளர் என்று திட்டுவதில் அர்த்தமே இல்லை. ஏனென்றால் இங்கே நேர்மையானவர்களும் மாறுபடுவார்கள்.

சராசரி இந்தியர் ஒருவர் ஆண்டுக்கு வெளியிடும் கரிமவாயு 2 டன்னை ஒட்டியது. சராசரி அமெரிக்கர் 14 டன்னை ஒட்டி. இதுவரை உலகம் வெளியிட்ட மொத்தத்தில் அமெரிக்காவின் பங்கு ஏறக்குறைய கால்வாசி, இந்தியாவின் பங்கு 3 முதல் 4 சதவீதம். 1991-லேயே இந்தியச் சூழலியலாளர்களான அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும், ஏழையின் வயல் மீத்தேனையும் பணக்காரர் கார்ப் புகையையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்று வாதிட்டார்கள். 1992-இன் ஐ.நா. காலநிலை உடன்படிக்கையில், பொறுப்பு எல்லோருக்கும் உண்டு, ஆனால் சமமாக இல்லை என்ற கொள்கை இடம்பெற்றது.

அந்த உடன்படிக்கையில் சேர்ந்தாலும், அமெரிக்கா இந்தக் கொள்கையை நடைமுறையில் ஏற்கத் தயாராக இல்லை. வளரும் நாடுகளுக்குக் கட்டுப்பாடு இல்லாத எந்த ஒப்பந்தத்திலும் சேரக் கூடாது என்று 1997-இல் அதன் மேலவை 95-0 என்று தீர்மானம் போட்டது. இரு கட்சியினரும் சேர்ந்து வாக்களித்தார்கள். அந்தத் தீர்மானம் அறிவியலைப் பற்றியதே இல்லை, பணத்தைப் பற்றியது. ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் தருவோம் என்று 2009-இல் பணக்கார நாடுகள் கொடுத்த வாக்கு 2020-இல் நிறைவேற வேண்டியது, 2022-இல்தான் நிறைவேறியது. 2024-இல் அஜர்பைஜானின் பாகுவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில், 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்றபோது, இது போதாது என்று இந்தியா அரங்கிலேயே எதிர்ப்புத் தெரிவித்தது. 2070-க்குள் நிகர பூஜ்ஜியம், அதாவது வெளியிடுவதும் உறிஞ்சுவதும் சமமாகும் நிலை, என்பது 2021-இல் பிரதமர் மோடி கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் அறிவித்த இலக்கு. அதற்கான செலவு எங்கிருந்து வரும் என்பதுதான் வாதம்.

இந்தியாவுக்கு அநியாயம் நடக்கிறது என்பது என் கருத்தும்கூட. ஆனால் அந்தக் கோபத்தில் 'காலநிலை மாற்றமே மேலை நாட்டுச் சதி' என்று போவது நமக்கு நாமே குழி வெட்டுவது. சூடேறவில்லை என்றால் நமக்கு இழப்பீடு கேட்க எந்த முகாந்திரமும் இல்லை.

இந்தச் சண்டை நம் வாசலில் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜனவரி முதல் எஃகு, அலுமினியம், சிமெண்ட் போன்ற இறக்குமதிகளுக்கு, அவற்றைச் செய்ய வெளியான கரிமவாயுவின் அளவுப்படி கட்டணம் விதிக்கிறது. நட்டு, போல்ட்டும் அந்தப் பட்டியலில் உண்டு, கிரானைட் இல்லை. ஓசூரில் சிறிய பட்டறை வைத்து ஏற்றுமதி வேலை செய்பவர், தான் பயன்படுத்தும் எஃகு எந்த உலையில் உருகியது என்று கணக்குக் காட்ட வேண்டிய நிலை வரலாம். பணக்கார நாடு ஏழை நாட்டுப் பட்டறைக்கு விதிக்கும் வரி இது என்று இந்தியா சொல்வதில் நியாயம் இருக்கிறது.

அதே ஓசூரில் ஏத்தரும் டிவிஎஸ்ஸும் மின்சார ஸ்கூட்டர் செய்கின்றன. போச்சம்பள்ளிப் பக்கம் ஓலாவின் ஆலை. இந்த மாற்றத்தால் வேலை வந்தது. ஆனால் மின்சார வண்டிக்குப் பிஸ்டன் வேண்டாம், சைலன்சர் வேண்டாம். இவற்றைச் செய்துவந்த சிப்காட் தொழிலாளிக்கு நாற்பது வயதில் வேறு தொழில் கற்றுத் தருவது யார்? இந்தக் கேள்வியைக் கேட்பவர் அறிவியலுக்கு எதிரி இல்லை.

சூரிய மின் பம்பு இன்னொன்று. நிலக்கரி மின்சாரம் மிச்சமாகும், பகலில் தடையில்லாமல் ஓடும். ஆனால் ஓடுவதற்குக் காசே ஆகாது என்னும்போது எப்போது நிறுத்துவது? இலவச மின்சாரத்தால் ஏற்கெனவே இறங்கிய நிலத்தடி நீர் இன்னும் இறங்கும். ஆழத்துக்குப் போகப் போக ஃபுளோரைடு கூடுவது நம் பாறை மண்ணில் பழகிய அனுபவம். கரிமவாயுவுக்குச் செய்த மருந்து ஃபுளோரைடு நோயை வளர்க்காமல் பார்த்துக்கொள்ள, பம்போடு சொட்டு நீரையும், தண்ணீர் எடுக்கும் அளவுக்கு ஒரு வரம்பையும் சேர்த்தே பேச வேண்டும். மானியம் அறிவிக்கும்போது அந்த வரம்பை யாரும் உரக்கச் சொல்வதில்லை.

கடைசியாக வெயில். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். நல்ல முடிவு. ஆனால் வெப்ப அலை என்றால் எது? இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வரையறைப்படி, சமவெளியில் வெப்பம் குறைந்தது 40 டிகிரியைத் தொட வேண்டும், இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். அல்லது நேரடியாக 45 டிகிரியை எட்ட வேண்டும். தருமபுரியின் மே மாத இயல்பு 37 என்று வைத்துக்கொண்டால், 41.5 வரும்வரை அது வெறும் வெயில்தான். கிருஷ்ணகிரி கல்குவாரியிலும், செங்கல் சூளையிலும், நூறு நாள் வேலையிலும் 40 டிகிரியில் மயங்கி விழுபவர் இந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிறார். பாறையும் சூளையும் சேர்க்கும் சூடோ, காற்றின் ஈரப்பதமோ, முந்தைய இரவு உடம்பு ஆறாததோ இந்த எண்ணில் இல்லை. கோட்டை எந்த டிகிரியில் போடுவது, எந்த வேலைக்கு எத்தனை மணிக்குள் நிறுத்தம், அந்த மணிகளுக்குக் கூலி உண்டா என்பதெல்லாம் இந்த மாவட்டங்களில் இனிமேல்தான் பேசி முடிவாக வேண்டும்.